நார்வேக்காரரிடம் வைத்த ஏழாவது கோரிக்கை

ஐம்பதுகளில் நான் செங்கல்பட்டில் ஒரு சர்க்கார் ஆபீஸில் தற்காலிக குமாஸ்தா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் வேலையை நீட்டித்து உத்தரவு வரும். வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. நான் தற்காலிகம் என்பது மாமனாருக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில் நார்வே நாட்டு மாஜி மந்திரி ஒருவர் கோவளத்துப் படகுகளைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பெரிய மனிதர் வந்தால் வரவேற்புப் பத்திரம் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மேலிடத்துக் குறிப்பில் அவர் வாழ்க்கை இரண்டே வரி: மீனவர் மகன், கருவாட்டுக் கிடங்கில் கூலி, தொழிற்சங்கம், பார்லிமெண்டு, பதினொரு மாதம் மந்திரி, மறுபடி வெறும் பார்லிமெண்டு. அதை இரண்டு பக்கமாக்க வேண்டும். அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது குளிர் ஒன்றுதான். ஆகவே அவரைப் பனியில் பிறக்க வைத்தேன், பனியில் படிக்க வைத்தேன், பனிக்கு அஞ்சாமல் பார்லிமெண்டு வரை நடக்க வைத்தேன்.

பத்திரத்தின் கடைசியில் கோரிக்கைகள் வர வேண்டும். வருகிறவர் யாராக இருந்தாலும் ஏதாவது கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அவரால் ஒன்றும் ஆகாது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. கோவளத்து மீனவர் தலைவரைப் போய்ப் பார்த்தேன். குடிதண்ணீர்க் கிணறு, கரைவரை பஸ், அடுத்தவர் நிலத்தில் மேய்ந்ததற்காகப் பட்டியில் பிடித்து அடைத்த தன் ஆட்டை விடுவிப்பது என்று ஆறு சொன்னார்.

“ஆட்டை விடச் சொல்லி நார்வேக்காரர் எப்படிங்க உத்தரவு போடுவார்?” என்றேன்.

“கேட்டு வெக்கிறதுல இன்னா பேஜாரு? மந்திரியா இருந்தவருதானே,” என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உனுக்கு இன்னா வோணும்? நீயும் ஒண்ணு எய்திக்கோபா.”

எழுதிக்கொண்டேன். ஏழாவது: இப்பத்திரத்தை எழுதிய குமாஸ்தாவை நிரந்தரமாக்க வேண்டும். எங்கள் மேலதிகாரி பனியைத் தாண்டிப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

வந்தவர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வலை இழுத்தார். வெயிலில் முகம் தக்காளியாகியிருந்தது. நான் இங்கிலீஷில் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு கோரிக்கையையும் சின்ன நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். ஆட்டுக்கு என்ன நிறம் என்றுகூடக் கேட்டார். ஏழாவது வந்ததும், “யார் அந்தக் குமாஸ்தா?” என்றார். கையைத் தூக்கினேன். மேலதிகாரி முகத்தில் ஈயாடவில்லை. நார்வேக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “நானும் நாலு வருஷம் தினக்கூலி,” என்றார்.

நாலு மாதம் கழித்து ஆபீஸுக்கு அவர் கடிதம் வந்தது. கிணறு வெட்டியாயிற்றா, ஆடு வெளியே வந்ததா, குமாஸ்தா நிரந்தரமாகிவிட்டாரா? மறுநாளே எனக்கு மெமோ: சொந்த உத்தியோக விஷயத்தில் அந்நிய நாட்டுச் செல்வாக்கைப் பயன்படுத்தியது ஏன்? விளக்கம் எழுதினேன். அது மேலே போனது, கேள்வியோடு கீழே வந்தது, மறுபடி மேலே போனது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஹெட் கிளார்க்தான் தைரியம் சொன்னார்.

“உம்மேல பைல் கீது. அது முடியற வரைக்கும் உன்ன வூட்டுக்கு அனுப்ப முடியாது. கம்முனு இரு.”

கம்மென்று இருந்தேன், இரண்டு வருஷம். பிறகு தற்காலிகக்காரர்களை மொத்தமாக நிரந்தரமாக்கினார்கள். பைலைக் கேட்பாரில்லாமல் நானும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டேன்.

அந்த வாரமே என் பெயருக்கு அவரிடமிருந்து கடிதம். தேர்தலில் தோற்றுவிட்டாராம். ஊருக்குத் திரும்பி அப்பாவின் படகைச் செப்பனிடுகிறாராம். இப்போது யாரும் தன்னிடம் எதுவும் கேட்பதில்லை என்று எழுதியிருந்தார். “உங்கள் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒன்றும் செய்ய முடியாது. இருந்தாலும், உங்கள் வேலை என்னவாயிற்று?”

சந்தோஷத்தில் தபாலாபீஸுக்கு ஓடி வெளிநாட்டுக் கவர் வாங்கினேன். நிரந்தரமாகிவிட்டேன் என்று எழுதியும் முடித்தேன். ஒட்டப் போகும்போது அந்த மெமோ ஞாபகம் வந்தது. அந்நியருக்குக் கடிதம் போட்டதாக யாராவது சொல்லி, கிடைத்த வேலை போய்விட்டால்? தற்காலிகமாக இருந்தபோது ஒரு மாஜி மந்திரியிடமே துணிந்து கேட்டவன், நிரந்தரமானதும் ஒரு கவரை ஒட்டப் பயந்தேன்.

அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். பதிலைக் காணோமே என்று அவர் மறுபடி ஒருமுறை எழுதிக் கேட்டார். அதற்கும் நான் பதில் போடவில்லை.