கல்வெட்டு மட்டை

போன கிழமை ஊரிலிருந்து தபாலில் ஒரு கல்வெட்டு வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவருடைய படம் போட்டு, தேவாரமும் வரலாறும் சேர்த்து அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகம். படத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டிய நான், அட்டையை இரண்டு விரலால் பிடித்துத் தடிப்புப் பார்த்தேன். கஸ்கெற்றுக்கு நல்ல மட்டை. பழைய மெக்கானிக் புத்தி எங்கே போகும்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எனக்கு அதுதான் பிழைப்பு. கஸ்கெற் என்பது இரண்டு இரும்புக்கு நடுவே எண்ணெய் கசியாமல் வைக்கிற மட்டை. அரசாங்கம் சாமான்களை மறித்திருந்த தடைக்காலத்தில் அது கடையில் கிடையாது. கொப்பி அட்டையோ சப்பாத்துப் பெட்டியோ, அகப்பட்டதை மூடியின் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி வெட்டி எடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பவளம் அக்காவின் பழைய உழவு மெசின் முன்மூடியால் எண்ணெய் ஒழுக்கியது. அவருடைய புருசன் இராசதுரை அண்ணை விதைநெல் எடுக்க, கடற்படைக்குத் தப்பிக் கிளாலிக் கடலேரியால் வள்ளம் ஏறிப் போய் இரண்டு வருசம். ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை.

"மட்டை ஏதும் இருக்கோ அக்கா?"

"ஓம், கனக்கக் கிடக்கு" என்று உள்ளே போய் ஒரு கட்டைத் தூக்கி வந்தார். எல்லாம் கல்வெட்டு. எல்லாவற்றிலும் இராசதுரை அண்ணை ஒரே சிரிப்பாய்ச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி சிவபாதம், அந்தியேட்டி செய்தே ஆகவேண்டும் என்று தானாக அச்சடித்துக் கொண்டுவந்து இறக்கியவை. அக்கா ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

எனக்குக் கை கூசியது. "உதையோ அக்கா வெட்டுறது?"

"எரிச்சால் கொள்ளி வைச்ச மாதிரி. கிழிச்சால் அவரைக் கிழிச்ச மாதிரி. அவரின்ரை மெசின்தானே, அது தின்னட்டும். படத்தை விட்டிட்டு, மறைவு எண்டு திகதி போட்ட கரையை எடு தம்பி."

வெட்டினேன். கரை வளையமாக இஞ்சினுக்குள் போனது. முகம் நடுவில் கழன்று என் காலடியில் விழுந்தது. அக்கா அதை எடுத்துத் துடைத்துக் கொட்டிலின் ஓலைக் கிடுகில் செருகினார்.

பத்து நாளில் மறுபடி ஒழுக்கு. பிறகும் ஒழுக்கு. என் வேலையில்தான் பிழை என்று வெட்கத்தோடு போவேன். உச்சி வெயிலில் ஊர் சத்தமில்லாமல் கிடக்கும். குனிந்து வேலை செய்கையில் கிடுகில் இருக்கிற முகங்கள் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடியிருக்கும். என் கறுப்பு விரல் பட்ட இடமெல்லாம் கண்ணுக்குக் கீழே கருவளையம். பயமாக இருந்தது, மறைப்பானேன்.

ஐந்தாம் முறைதான் கவனித்தேன். நட்டுகள் விரலாலேயே கழன்று வந்தன. ஒன்றில் ஸ்பானர் வழுக்கிய புதுக் கீறல்.

"அக்கா, நட்டுத் தானாக் கழலாது."

"தெரியும் தம்பி." அவர் அடுத்த கல்வெட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம்தான்."

வாங்கி வெட்டினேன்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் வருகிறதென்று ஊரே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அந்த மெசின், பின்னால் பூட்டிய பெட்டி நிறையச் சனத்தோடு ஊர்ந்து போனது. மட்கார்ட்டில் அக்கா இருந்தார். "கல்வெட்டெல்லாம் முடிஞ்சுதோ அக்கா?" என்று கத்தினேன்.

"ஒண்டு மிச்சம். சிவபாதத்திட்டை இருக்கு."

நாங்கள் திரும்பி வந்தபோது கொட்டிலும் இல்லை, மெசினும் இல்லை, அக்காவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

போன கிழமை வந்தது அந்தச் சிவபாதத்தின் கல்வெட்டு. கடைசிப் பக்கத்தில், உறவுகளின் வரிசையில், 'காலஞ்சென்றவர்களான இராசதுரை, பவளம்மா' என்று அச்சடித்திருந்தார்கள். சுத்தியலை எடுத்து அந்த முதற் சொல்லை மட்டும் தட்டித் தட்டி வெட்டி எடுத்துவிட்டேன். அது மேசையில் கிடக்கிறது. எரிக்கவும் மனமில்லை, கிழிக்கவும் மனமில்லை. உள்ளே வைக்க ஒரு இஞ்சின்கூட இல்லை.