ஏழு நிமிடம் என்று எழுதிய நர்ஸ்

‘பிளாஸ்திரி டாக்டரம்மா’ என்ற பெயரை நர்ஸ் முதலில் கேட்டது பள்ளிக்கூடம் போகிற வயதில், பெரியக்கா தலைப்பிரசவம் முடிந்து பெண்குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்று. டாக்டரம்மா ஏப்ரன் மேல் நீளமாக ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு, வலி கூடிய நேரம், தலை தெரிந்த நேரம் எல்லாவற்றையும் அதிலேயே எழுதுவாராம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எட்டு வருடம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் இவள் நர்ஸ். பிளாஸ்திரியில் இருப்பதைக் கேஸ் ஷீட்டில் ஏற்றுவது இவள் பொறுப்பு. பன்னிரண்டு வருடம் பிசகவில்லை. டாக்டரம்மாவும் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்.

அப்புறம் ஒரு குழந்தைக்குத் தோள் சிக்கியது. டாக்டரம்மா சட்டென்று எடுத்துவிட்டார், ஆனாலும் ஒரு கை துவண்டுபோயிற்று. அந்தக் களேபரத்தில் நர்ஸ் ஏப்ரனைச் சுருட்டிச் சலவைக்குப் போட்டுவிட்டாள். ஞாபகம் வந்து ஓடினால், அது கொதிதண்ணீரில் கிடக்கிறது. சொல்ல வாய் வரவில்லை. தோள் சிக்கியது ஏழு நிமிடம் என்று குத்துமதிப்பாக எழுதி நீட்டினாள். வழக்கம்போல் கையெழுத்து விழுந்தது.

பெற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். இரண்டே நிமிடத்தில் தோளை எடுத்துவிட்டேன் என்றார் டாக்டரம்மா. அவர் கையெழுத்துப் போட்ட தாளோ ஏழு என்றது. இப்படி வழக்கு வந்தால் பணம் கொடுக்க டாக்டரம்மா வருடாவருடம் பணம் கட்டிவந்த இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடாமல் நஷ்டஈடு கொடுத்துவிட்டு, மறுவருடம் டாக்டரம்மா கட்ட வேண்டிய பிரீமியத்தை மூன்று மடங்காக்கியது. பிரசவம் பார்த்தால்தான் அவ்வளவு, காய்ச்சல் இருமலோடு நிறுத்திக்கொண்டால் கொஞ்சம்தான். டாக்டரம்மா பிரசவ அறையைப் பூட்டினார்.

“நீ எழுதினா சரியாத்தாம்மா இருக்கும். எனக்குத்தான் கணக்குத் தப்பிப்போச்சு” என்றார். நர்ஸ் பிரசவ அறைச் சாவியை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

நாலு வருடம் போயிற்று. பெரியக்காவின் அந்தத் தலைப்பிள்ளை இப்போது நிறைமாதம். பக்கத்தில் பிரசவம் பார்க்க ஆளில்லை, காரில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். “இத்தனை வருஷம் அங்கே குப்பை கொட்டுறியே, ஒரு பிரசவத்துக்கு வக்கில்லையா உங்க ஆஸ்பத்திரிக்கு?” என்று வழியெல்லாம் அக்கா குத்திக்கொண்டே வந்தாள். பாதி வழியில், கார் சீட்டிலேயே, குழந்தை நர்ஸ் கையில் வந்து விழுந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது அதிர்ஷ்டம்.

மறுநாள் காலை அவள் டாக்டரம்மா எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“நாலு வருஷமா என் கையை நானே நம்பாம இருந்தேனேம்மா.”

வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. பிரீமியம் இறங்கவில்லை, பிரசவ அறை பூட்டியே கிடக்கிறது. டாக்டரம்மா முன்னறையில் காய்ச்சலுக்கு மருந்து எழுதுகிறார். நர்ஸ் பக்கத்து அறையில் பிரஷர் பார்த்துச் சீட்டில் குறித்துக் கொடுக்கிறாள்.