தீவுக் கிணற்றின் காவல்காரர்

எட்டாவதோடு நின்றவன் நான். கருமத்தம்பட்டியில் ஒரு போர்வெல் வண்டியோடு தொடங்கி, ஆறு வண்டிகளுக்குச் சொந்தக்காரன் ஆனேன். பாறையைக் குடைந்து ஆயிரம் அடியில் தண்ணீர் எடுத்தேன். அந்தத் தெம்பில்தான், விடுதிகள் பெருகிய சின்னத் தீவொன்றுக்குக் கப்பலில் வண்டியை ஏற்றிப் போனேன்.

நான் போர் போடப் போன விடுதியின் காவல்காரர் ஒல்லியான மனிதர். அக்கம்பக்கத்தார் நிலத்தை விற்றுப் போய்விட, அவர் மட்டும் விடுதியை ஒட்டிய தன் வீட்டில் தனியாக இருந்தார். தினமும் தன் கிணற்று நீரை விரலால் தொட்டு ருசி பார்ப்பார்.

“ஆழமாப் போடாதீங்க. நல்ல தண்ணி மேலாகத்தான் நிக்குது, கீழ கடலு” என்றார்.

“ஏனுங்க, எனக்கே பாடமா? ஆழம் போனாத்தானுங்க தண்ணி!” என்று சிரித்துவிட்டு, ஆழமாகவே துளைத்தேன்.

அடுத்த கோடையில் போனபோது, நான் போட்ட போர் வழியே கடல்நீர் மேலேறி, அவர் கிணறும் உப்பாகியிருந்தது. “யாராச்சும் வந்தா டீ போடலாம்னா, பால் திரிஞ்சுபோகுது” என்றார். என்னைத் திட்டவில்லை.

விடுதிக்காரர்கள்தான் தீவைக் கெடுத்தார்கள் என்கிறார்கள். அந்தக் கிணற்றைக் கெடுத்தவன் நான். என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.