வயதான குதிரைக்கு நின்றிருக்கும் என்று நினைத்தேன்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு குதிரைப் பண்ணை. கல்யாண ஊர்வலத்துக்கும், சவாரி பழக வருகிறவர்களுக்கும் எட்டுக் குதிரைகள் வைத்திருந்தார்கள். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க நின்று பேக்கிங் செய்து கால் வீங்கிப்போனதால், லாயம் கூட்டவும் புல் போடவும் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

எட்டில் ஒன்று இருபத்திரண்டு வயதுப் பெண் குதிரை. வெள்ளை. கண்ணுக்கு மேலே குழி விழுந்திருக்கும். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நிற்கும். நான் யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். அதுவும் அப்படித்தான் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் முதல் நாளே எனக்கு ஒன்று சொல்லியிருந்தார். ஆண் குதிரையையும் பெண் குதிரைகளையும் ஒரே அடைப்பில் விடக் கூடாது. நான் அதைச் சின்ன வயதுக் குதிரைகளுக்கான சட்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

பங்குனி மாதம் அண்ணன் ஒரு வாரம் ஊருக்குப் போனார். ஆண் குதிரையின் அடைப்பில் மர நிழல் இல்லை. தகரக் கூரை அனலாகக் கொதித்தது. வெள்ளைக் குதிரை இருந்த இடத்தில் பெரிய வேப்பமரம். பாவமாக இருந்ததால் மதிய வேளையில் மட்டும் இரண்டையும் அங்கே சேர்த்து விட்டேன். எனக்கு அந்த வருடம்தான் மாதவிலக்கு நின்றிருந்தது. இவ்வளவு வயதான குதிரைக்கு எப்போதோ நின்றிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற விஷயமா அது?

இரண்டு நாளாக அது வாலைத் தூக்கிக்கொண்டு, ஆண் குதிரையின் பக்கம் திரும்பி நின்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விட்டது. வயதாகி அடக்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் வாளியோடு வந்தபோது நான் பார்த்ததற்கு வேறு அர்த்தமே கிடையாது. வாளியைப் போட்டுவிட்டு, குச்சியைத் தட்டி ஆண் குதிரையை விரட்டிப் பூட்டினேன்.

அண்ணன் திரும்பி வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஆண்பிள்ளையிடம் அதை எந்த வார்த்தையில் சொல்வது? கிழட்டுக் குதிரைதானே, ஒன்றும் ஆகாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

மழைக்காலத்தில் அதன் வயிறு தொங்கியது. “இன்னாம்மா, உன் சினேகிதி சும்மா துன்னுக்கினு தொந்தி போட்டுட்டா?” என்று அண்ணன் சிரித்தார். வயதானால் வயிறு தொங்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பவே விரும்பினேன்.

கார்த்திகையில் குதிரைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கக் கால்நடை டாக்டரம்மா வந்தார். வயிற்றைப் பார்த்ததும் நீளக் கையுறை மாட்டிக் கையை உள்ளே விட்டுச் சோதித்தார். கையை வெளியே எடுத்தார். பிறகு, “சினை. எட்டு மாசம் இருக்கும்” என்றார்.

அங்கே நின்றிருந்த பண்ணை முதலாளி, அண்ணன் மேல் பாய்ந்தார். “யோவ், இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க?”

“சத்தியமா நான் உடல சார். பூட்டிட்டுத்தான் ஊருக்குப் போனேன்.”

டாக்டரம்மா கை கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “நான்தான் மேடம் உட்டேன். அதுக்கு நின்னு போயிருக்கும்னு நெனச்சேன்” என்றேன்.

அவர் திட்டவில்லை. பெண்களுக்கு நிற்கிற மாதிரி குதிரைக்கு நிற்காது, கிழமான பிறகும் பருவத்துக்கு வரும் என்றார். ஆனால் கருப்பை மட்டும் தளர்ந்துவிடும். சினை பிடிப்பதே கஷ்டம். பிடித்தாலும் பாதியில் கலையலாம். பிரசவத்தின்போது ரத்தக்குழாய் வெடித்தாலும் வெடிக்கும். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. “அந்த வாரமே சொல்லியிருந்தா, கொஞ்ச நாள்ல ஒரு ஊசியோட சினையைக் கலைச்சிருப்பேன்மா.”

அன்று முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அண்ணன் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. “வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்று மட்டும் கேட்டார். அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மாசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அது படுத்தது. அரை மணியில் குட்டி வெளியே வந்தது. கறுப்புக் குட்டி, மெலிசாக, காது மட்டும் பெரிதாக. வெள்ளைக் குதிரை எழுந்து நின்று நக்கிக் கொடுத்தது. டாக்டரம்மாவுக்குப் போனில் சொன்னோம், புறப்பட்டுவிட்டார். அண்ணன் சந்தோஷத்தில் டீ வாங்கி வந்தார். “கெயவி கெட்டிக்காரிதான்மா” என்றார். பிழைத்துவிட்டது என்று நான் அழுதேன்.

டீ ஆறுவதற்குள் எல்லாம் மாறியது. வெள்ளைக் குதிரை மேல் உதட்டைச் சுருட்டியது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. வியர்வை ஆறாக ஓடியது. அண்ணன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை; எல்லாம் உள்ளேயே போய்க்கொண்டிருந்தது. என் தோள் மேல் சாய வந்தது. தாங்க முடியாமல் நான் விலக, கால் மடிந்து விழுந்தது. டாக்டரம்மாவின் வண்டி கேட்டுக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குட்டி அதன் மடியைத் தேடிக்கொண்டிருந்தது.

புட்டிப்பால் கொடுத்து அந்தக் குட்டியை நானும் அண்ணனும் வளர்த்தோம். இப்போது என் உயரத்துக்கு நிற்கிறது. இன்று எந்தக் குதிரையிடம் எதைப் பார்த்தாலும், நாலு ஆண்கள் நின்றாலும், உடனே சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது முகம் இன்னும் சுடத்தான் செய்கிறது. அந்த வெள்ளைக் குதிரையைக் கொண்டுபோனது வயது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அதில் பாதி என் வெட்கம் செய்த வேலை என்பது எனக்குத் தெரியும்.