பொம்மைத் தலையும் அண்ணனுக்கு அடித்த போனும்

ஏப்ரல் பிறந்தால் சூரிக்கில் என் அலுவலகத்தில் எல்லாரும் கேட்டுக்கொள்ளும் கேள்வி: "தலை எத்தனை நிமிடத்தில் வெடிக்கும்?" யாருடைய தலை என்று முதல் வருடம் பதறிப்போனேன். வைக்கோலும் பஞ்சும் அடைத்த பொம்மையின் தலையாம். பெயர் ப்யோக். பனிக்காலத்தின் உருவமாக அதைச் செய்து, விறகுக் குவியலின் உச்சியில் நிறுத்தி, மாலை ஆறு மணிக்குத் தீ வைப்பார்கள். தலைக்குள் வெடி. சீக்கிரம் வெடித்தால் கோடை நன்றாகச் சுடும், தாமதித்தால் மழை. ஊரார் பணத்தையெல்லாம் பூட்டிவைத்திருக்கும் நகரம், வெயிலுக்கு வைக்கோல் பொம்மையிடம் குறி கேட்கிறது. நாம் கோடாங்கியிடம் போனால் மட்டும் மூடநம்பிக்கை.

செக்ஸலாய்ட்டன் என்னும் இந்த வசந்தத் திருவிழாவுக்கு இந்த வருடம் என்னை இழுத்துப் போனவர் பக்கத்து மேசைக்காரர் உர்ஸ். ஊர்வலத்தில் கொல்லர், தச்சர், ரொட்டிக்காரர் எல்லாம் வந்தார்கள். "நிஜமாகவே கொல்லரா?" என்றேன். "இல்லை, அவர் வக்கீல்," என்றார் உர்ஸ், பெருமையாக. பட்டறைப் பக்கமே ஒதுங்காத ஆள், தோளில் சுத்தியல். உழைப்பையும் வேஷம் கட்டி ஆடலாம் என்பதை இங்கேதான் கண்டேன்.

நான் திருத்தங்கல்காரன், பட்டாசு செய்யும் ஊர் என்பது அவருக்குத் தெரியும். "உங்கள் ஊரில் தினமும் கொண்டாட்டமாக இருக்குமே?" என்றார். "அந்தத் தலைக்குள் மருந்து அடைத்தது யார்?" என்று நான் கேட்டேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து முதுகில் தட்டிச் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

என் அண்ணன் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெயில் ஏறினால் ஆபத்து என்று மருந்து கலக்கும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவார்கள். கோடை சுடட்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் வேண்டியதில்லை. பெரிய சத்தம் கேட்டால் தெருவே வாசலுக்கு வந்து, "எந்தப் பக்கம்?" என்று புகையைத் தேடும். உடனே அண்ணனுக்குப் போன் போடுவோம். உள்ளே போகிறவர்கள் போனை வாசல் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பதால் அது அடித்துக்கொண்டே இருக்கும். நான் ஊரில் இருந்தபோது ஒருநாள் பக்கத்துக் கம்பெனி வெடித்தது. மதினி சாமி படத்தின் முன் உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்துக்கு மேல்தான் அண்ணன் போன் அடித்தார். "இருக்கேன்." அன்றிலிருந்து அதுதான் வழக்கம்: சத்தம் கேட்டால் போன், எடுத்ததும் அந்த ஒரு சொல், பிறகுதான் மற்றதெல்லாம். இங்கே வந்த பிறகும், செய்தியில் பட்டாசு ஆலை என்று பார்த்தாலே என் விரல் தானாக அவர் எண்ணுக்குப் போய்விடும்.

தீ வைத்து எவ்வளவோ நேரமாயிற்று. ஊர்வலத்தில் வந்த சிலர் குதிரையேறி, தீயிலிருந்து தள்ளியே சுற்றிச் சுற்றி வந்தார்கள். தலை அசையவில்லை. எங்கள் ஊர்ச் சரவெடி இப்படிச் சோம்பியிருந்தால் லோடு மொத்தமும் திரும்பி வந்திருக்கும் என்று உர்ஸிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வெடித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானோ புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் போன் இருந்தது. கண்ணெதிரே வெடித்ததற்கு ஆமத்தூருக்கு அடித்திருக்கிறேன்.

ஊரில் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். அண்ணன் எடுத்தார்.

"இருக்கேம்லே," என்றார் முதலில். பிறகு, "எங்கன சத்தம்? இங்கன ஒண்ணும் கேக்கலையே."

"இங்கதாண்ணே. திருவிழா. பொம்மைக்குள்ள வெடி வச்சுக் கொளுத்துறாக."

"பக்கத்துல ஆளுக யாரும் இல்லையே?"

"இல்லண்ணே."

பொம்மைக்குள் மிச்சமிருந்த வெடி ஒன்று அப்போதுதான் வெடித்தது. போன் வழியாக அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். குரல் மாறிவிட்டது.

"ஏலே, நீ இருக்கியா?"

தாமதமாக வெடித்ததால் கோடை போச்சு என்று உர்ஸ் பக்கத்தில் புலம்பிக்கொண்டிருந்தார். "இருக்கேண்ணே," என்றேன். எங்கே என்று அண்ணன் கேட்டிருந்தால், சூரிக்கா திருத்தங்கலா என்று சட்டென்று சொல்லியிருக்க மாட்டேன்.