டிம்ப்னா கான்சிடைன் கட்டிக்காத்த மௌனம்

எங்கள் பாலிக்ரீனாவில் டிம்ப்னா கான்சிடைனை விடப் பெரிய வாய் யாருக்கும் கிடையாது. பள்ளிக்கூட முனையில் வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுவது அவள் வேலை. எதிர்த்தாற்போல் என் முடிவெட்டும் கடை, லார் கடை என்றால் ஊருக்கே தெரியும். அவள் ஒரு லாரிக்காரனைத் திட்ட ஆரம்பித்தால் என் கையில் கத்தரிக்கோல் நடுங்கும். அப்பேர்ப்பட்டவள் ஊருக்காகக் கட்டிக்காத்தது என்ன தெரியுமா? மௌனம்.

ரக்பி மைதானத்து மௌனத்தைச் சொல்கிறேன். ஒருவன் பந்தைத் தரையில் நிறுத்தி, இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைக்கத் தயாரானால் எங்கள் மைதானம் வாயை மூடிக்கொள்ளும். நம் ஆள் என்றில்லை, எதிரணி ஆளுக்கும் அதே மரியாதைதான். கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் வடக்குப் படிக்கட்டில், நின்றபடி பார்க்கும் கூட்டத்தின் முதல் வரிசையில், டிம்ப்னா கையைத் தூக்குவாள். அவ்வளவுதான், இருமல்கூட வராது. மீறிக் கத்துகிறவனுக்கு ஒரே தண்டனை. அடுத்த ஆட்டம் முழுக்க வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். ஒருமுறை பங்குச் சாமியாரையே நிற்க வைத்தாள். மழையில்.

அப்புறம் கூட்டம் கரைந்தது. ஏன் என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். ஆட்ட நேரத்தைத் தொலைக்காட்சிக்காரன் வைக்கிறான். ஒரு வாரம் வெள்ளி இரவு, அடுத்த வாரம் ஞாயிறு, அதுவும் வீட்டில் உருளைக்கிழங்கு வேகும் நேரம். நல்ல ஆட்டக்காரர்களை நாட்டு அணிக்கென்று பொத்தி வைத்துக்கொண்டு மாற்று ஆட்களை இறக்குவார்கள், டிக்கெட் விலை மட்டும் அப்படியே இருக்கும். ஆட்டம் நிற்கிறபோதெல்லாம் ஒலிபெருக்கி காதைக் கிழிக்கும். பக்கத்து ஆளோடு சேர்ந்து நடுவரைத் திட்டக்கூட முடியாதென்றால் மனிதன் எதற்கு மைதானத்துக்கு வர வேண்டும்? வீட்டில் காலை நீட்டிக்கொண்டு பார்க்கலாமே. அப்படித்தான் பார்த்தார்கள்.

போன குளிர்காலத்தில் ஓர் ஆட்டம். எதிரணி ஆள் உதைக்க நின்றான். டிம்ப்னா கையைத் தூக்கவில்லை.

"என்ன, கை வலியா?" என்றேன்.

"யார அடக்கத் தூக்கணும் லார்? சுத்திப் பாரு. ஆளே இல்ல, அதான் சத்தமும் இல்ல. இதுக்குப் பேரு மௌனமா? சுடுகாடு."

அவள் கண் கலங்கியிருந்தது.

அடுத்த வாரமே கிளப்பிலிருந்து டிம்ப்னாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். துணைக்கு நானும் போனேன். கூட்டம் சேர்ப்பதற்கென்றே புதிதாக வந்திருந்த மேலாளன் ஃபியக்ரா காத்திருந்தான். நல்ல பையன்தான், எதைக் கேட்டாலும் கணினித் திரையைத் திருப்பிக் காட்டுவான்.

"மேடம், அடுத்த சீசன்லேருந்து வடக்குப் படிக்கட்ட மூடுறோம். எல்லாரையும் கேமராவுக்கு எதிர்ல உக்கார வச்சா டிவில கூட்டம் நிறைஞ்ச மாதிரி தெரியும். உதைக்கும்போது மேளச் சத்தம் போடப்போறோம். ஒரு விறுவிறுப்பு வேணும்ல?"

"மேளமா? உதைக்கும்போதா? உங்கம்மாவுக்கு இது தெரியுமா?"

"அம்மாவ எதுக்கு மேடம் இழுக்கறீங்க..."

"நிறைஞ்ச மாதிரி எதுக்குப்பா? நெசமாவே நிறைச்சுத் தர்றேன். கடைசி ஆட்டத்துக்கு வடக்குப் படிக்கட்டு நிறைஞ்சுதுன்னா அத மூடக் கூடாது, மேளமும் கூடாது. சனிக்கெழம மத்தியானம் ஆட்டத்த வையி. பசங்களுக்கு டிக்கெட் வாங்காத. ஆட்டம் முடிஞ்சதும் அதுங்கள மைதானத்துல எறங்கி ஓட விடு."

"புல்லு பாழாயிடும் மேடம்!"

"ஆளே வராத எடத்துல புல்லு வளத்து என்ன பண்ணப்போற? மாடு மேய்க்கவா?"

ஃபியக்ரா ஒத்துக்கொண்டான். நேரம் ஒரு பிரச்சினையே இல்லை. பட்டியலில் நாங்கள் அடியில், கடைசி ஆட்டத்தின் எதிரணி எங்களுக்கும் அடியில். அந்த ஆட்டத்தைக் காட்ட எந்தத் தொலைக்காட்சியும் முன்வரவில்லை.

டிம்ப்னாவின் கையில் வட்டப் பலகை பொருத்திய ஒரு நீளக் கம்பு உண்டு. பார்க்கக் குச்சி மிட்டாய் மாதிரி இருப்பதால் பிள்ளைகளுக்கு அவள் 'மிட்டாய் ஆன்ட்டி'. அவர்களுக்கு அவள் வைத்த சட்டம் இது: பலகை மேலே போனால் கால் அசையக் கூடாது, மூச்சு காட்டக் கூடாது. வளைவுக்கு அந்தப் பக்கம் லாரி வருகிறதா என்று அவள் காதால் கேட்க வேண்டுமல்லவா? அவள் "போங்க!" என்று கத்திய பிறகுதான் காலெடுத்து வைக்கலாம். ஊரில் பாதிப் பேர் அந்தப் பலகைக்கு அடியில் வளர்ந்தவர்கள்.

அந்த முனையில்தான் ஆள் பிடித்தாள். பலகையைத் தூக்கி வண்டிகளை நிறுத்துவாள், பிள்ளைகளைக் கடத்துவாள், ஆனால் பலகையை இறக்க மாட்டாள். முதல் வண்டியின் ஜன்னலில் தலையை நீட்டுவாள். "சனிக்கெழம குடும்பத்தோட ஆட்டத்துக்கு வர்றியா, இல்ல இங்கயே நிக்கிறியா?" பின்னால் ஒலிப்பான்கள் அலறும். விசாரிக்க வந்த போலீஸ்காரரும் வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் நகர முடிந்தது.

சனிக்கிழமை படிக்கட்டில் எள் போட இடமில்லை. தூறல், பிளாஸ்க்கில் தேநீர், எங்கு பார்த்தாலும் பிள்ளைகள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் முதல் பாதியில், எதிர்க்கோடியில் எதிரணி ஆள் உதைக்க நின்றதும் டிம்ப்னா கையைத் தூக்கினாள். ஒரு பிள்ளையும் கண்டுகொள்ளவில்லை. ஊளையிட்டார்கள், சீட்டியடித்தார்கள். அவள் முகம் செத்துவிட்டது.

"நானே கூட்டிட்டு வந்து நானே கெடுத்துட்டேன் லார். இதுக்கு அந்த மேளமே தேவல."

"அதுங்களுக்கு உன் கையா தெரியும்? பலகையத்தானே தெரியும்," என்றேன்.

இடைவேளையில் ஓடிப்போய்க் காரிலிருந்து பலகையை எடுத்து வந்தாள். இரண்டாம் பாதியில் எங்கள் ஆள் உதைக்கப் போனபோது அதைத் தூக்கினாள். படிக்கட்டு கப்சிப். பிள்ளைகளை விடுங்கள், கிழங்கள்கூடக் காலைச் சேர்த்து நின்றார்கள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால். அப்போது எங்கள் முரடன் ஒருவன் செய்த தப்புக்கு எதிரணிக்கு ஓர் உதை கிடைத்தது. உள்ளே போனால் மூன்று புள்ளி, எங்கள் கதை முடிந்தது. உதைக்க வந்தவன் கஹல் மல்க்வீன். எங்கள் ஊர்ப் பையன்தான், நல்ல ஒப்பந்தம் கிடைத்ததென்று அங்கே போனவன். அவனைப் பார்த்ததும் எனக்கே ஊளையிட வேண்டும்போல வாய் ஊறியது. டிம்ப்னா பலகையைத் தூக்கினாள். ஈ பறந்தால் கேட்கும் அமைதி.

கஹல் பந்தை நிறுத்தினான். பின்னால் நகர்ந்தான். கம்பங்களை நிமிர்ந்து பார்த்தான். கம்பங்களுக்கு நடுவே, கூட்டத்துக்கு மேலே, பலகை. அவன் அப்படியே நின்றுவிட்டான்.

உதைக்க ஒரு நிமிடம்தான் தருவார்கள். பெரிய திரையில் கடிகாரம் ஓடியது. அவன் அசையவில்லை. அவனுடைய ஆட்கள் கையை உதறினார்கள். எனக்குத்தான் முதலில் புரிந்தது.

"டிம்ப்னா," என்று கிசுகிசுத்தேன், "அவன் நீ சொல்றதுக்காக நிக்கிறான்."

அவள் சும்மா இருந்தால் போதும். நேரம் ஓடிவிடும், நாங்கள் ஜெயித்துவிடுவோம். ஊரே அவளைத் தூக்கி வைத்து ஆடும். அவள் என்னைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, லாரிக்காரர்கள் நடுங்கும் அந்தக் குரலில் கத்தினாள்:

"போடா!"

கஹல் ஓடிவந்து உதைத்தான். பந்து நட்டநடுவே பறந்து எங்கள் தலைக்கு மேல் வந்தது. தோற்றோம். அவன் ஏன் நின்றான் என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பிறகு படிக்கட்டு முழுவதும் சிரிக்கத் தொடங்கியது. தோற்றதற்கு அப்படி யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் புல்லில் இறங்கி ஓடினார்கள். கஹல் நேராக டிம்ப்னாவிடம் வந்தான்.

"நீங்க சொல்லாம காலு நகரல மிட்டாய் ஆன்ட்டி."

"நல்லாத்தான் வளத்திருக்கேன் ஒன்ன. போய்த் தொலை," என்று அவன் கன்னத்தைக் கிள்ளினாள்.

ஃபியக்ரா சொன்ன சொல் தவறவில்லை. படிக்கட்டு பிழைத்தது, மேளம் வரவில்லை. கூட்டம் இல்லாத நாளில் மறுபடி மூடுவோம் என்று மட்டும் முனகினான்.

புதிய சீசனின் முதல் ஆட்டமும் சனிக்கிழமை மத்தியானம்தான். நான் போனபோது டிம்ப்னா வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"இங்க என்ன பண்ற?"

"உதைக்கும்போது கத்துனவ நான். சட்டம்னா சட்டம்தான்."

"ஒன் சட்டத்த நீயே தளத்திக்கக் கூடாதா?"

"சாமியார மழையில நிக்க வச்சவப்பா நான்!"

அவளைத் தனியாக விட மனமில்லை. நானும் நின்றேன். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகை அவள் காரில் கிடந்தது. தான் இல்லாமல் இந்தப் பிள்ளைகள் என்ன செய்யுமோ என்ற கவலை அவள் முகத்தில் அப்பியிருந்தது. உள்ளே கூச்சல், நடுவரின் ஊதல். திடீரென்று எல்லாம் நின்றது. யாரோ உதைக்கப் போகிறான். எங்கோ ஒரு பொடிசு தும்மியது. பத்து வாய்கள் "ஷ்ஷ்" என்றன. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

டிம்ப்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறைஞ்சிருக்கு லார்," என்றாள் மெல்ல.

"வெளியில நின்னுக்கிட்டு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"காலிப் படிக்கட்டு இவ்வளவு அமைதியா இருக்காதுப்பா."