காந்தக் குழாய்க்குள் ஒரு கண்டக்டர்

விழுப்புரம்–திண்டிவனம் பேருந்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது என் வலதுகால் செருப்பு கழன்று எங்கோ போய்விட்டது. எனக்குத் தெரியவில்லை. "கண்டக்டரே, ஒத்தச் செருப்போட சுத்திக்கினு இருக்கீங்க" என்று ஒரு அம்மா சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தேன். வெறுங்காலுக்குத் தரை சுடவும் இல்லை, குளிரவும் இல்லை.

சர்க்கரை வியாதி என்று நானே முடிவுகட்டி இனிப்பை விட்டேன். கால் அதை மதிக்கவில்லை, இன்னும் மரத்தது. திண்டிவனத்தில் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு சுத்தம்.

விழுப்புரத்து நரம்பு மருத்துவர் அம்மா, பாதத்திலிருந்து ஊசியால் குத்திக்கொண்டே மேலே வந்தார். விலா எலும்பு வரை மழுங்கல். அதற்கு மேல் சுருக்கென்றது.

"கீழ விழுந்தீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"அடிபடாமலும் தண்டுவடம் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) கெடும். கோளாறு கால்ல இல்ல, மேல இருக்கு. முதுகு முழுக்க எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உடம்புக்குள் படமெடுப்பது) பார்க்கணும். லேட் பண்ணா நடக்க முடியாமப் போயிடும்."

ஓடும் வண்டியில் நிற்பதுதான் என் தொழிலே!

ஸ்கேன் சென்டரில் உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். மோதிரத்தைக் கொடுத்தேன். அவர்கள் தந்த அங்கிக்குள் இருந்த வெள்ளி அரைஞாணைப் பற்றி மூச்சு விடவில்லை. எங்கள் பக்கம் ஆம்பளை இடுப்பு வெறுமையாவது பாடையில் ஏற்றும்போதுதான். அதற்கு நானே எதற்கு ஒத்திகை பார்ப்பது?

குழாய்க்குள் டமடமவென்று என் சாவு மேளமே கேட்டது. திடீரென நின்றது. டெக்னீஷியன் வேகமாக வந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"தம்பி, மறைக்காம சொல்லு. இன்னும் எத்தினி நாளு இருப்பேன்?" என்றேன்.

"நீங்க மறைக்காம சொல்லுங்கண்ணே. இடுப்புல இன்னா வச்சிருக்கீங்க? படத்துல அந்த எடமே கறுப்பா இருக்குது!"

வெளியே காத்திருந்த என் மனைவி செல்வி விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா கயிறு வாங்கியாந்திருப்பேன் இல்ல? பேஜாரு புடிச்ச மனுஷன்!" எதிர்க்கடையில் கறுப்புக் கயிறு வாங்கிவந்து, முதலில் அதைக் கட்டி, பிறகே வெள்ளியை அவிழ்த்தாள். ஒரு நொடிகூட இடுப்பு வெறுமையாக இல்லை. எமனுக்கு நுழைய இடமில்லை.

இந்தமுறை படம் தெளிவாக வந்தது. நரம்பு மருத்துவர் அம்மா விரல் வைத்துக் காட்டினார்: நடுமுதுகில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பருப்பளவு ஒரு கட்டி; அதன் பக்கத்தில் தண்டுவடம் நசுங்கிக் கிடந்தது.

"கேன்சரா மேடம்?"

"படத்தப் பாத்தா சாதுவான கட்டியாத்தான் தெரியுது. எடுத்துடலாம். அதுக்குள்ள உயில் எழுதிட்டீங்களா?"

"மனசுக்குள்ள எழுதிட்டேங்க."

"டிக்கெட் மாதிரி கிழிச்சுடுங்க."

புதுச்சேரியில் அறுவை நடந்தது. கட்டி சாதுதான் என்று பரிசோதனையும் சொன்னது. ஒரு காலையில் செல்வி என் கால் கட்டைவிரலைக் கிள்ள, "ஐயோ!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "இன்னொரு தபா கிள்ளு" என்றேன். அவள் அழுதுகொண்டே கிள்ளினாள்.

காரணமில்லாமல் கால் மரத்தால், நடை தடுமாறினால், சிறுநீர் அடைத்தால் நாளைத் தள்ளாதீர்கள். படமெடுப்பவரிடம் எதையும் மறைக்காதீர்கள். பயப்படுங்கள், தப்பில்லை; ஆனால் பயந்துகொண்டே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மாதக்கணக்கில் பயிற்சி செய்து வேலைக்குத் திரும்பினேன். கூட்டேரிப்பட்டில் வண்டி குலுங்கினால் இப்போது முதலில் குதிகாலுக்குத் தெரிகிறது, அடுத்து முழங்காலுக்கு, அதற்குப் பிறகுதான் எனக்கு. முன்பெல்லாம் திண்டிவனம் எப்போது வரும் என்று தவிப்பேன். இப்போது கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டு, கொஞ்சம் மெதுவாகவே வரட்டும் என்று நினைக்கிறேன்.